வேடமும் வினையும்: நாடக மேடையிலிருந்து கணினி விளையாட்டுவரை

முன்னுரை

சங்க இலக்கியமும் திருமுறையும் கல்வெட்டும் பேசப்படுகிற ஆண்டு மலரில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். சில மாதங்களுக்கு முன்புவரை நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவன் அல்லன். ஒரு சிறு பேச்சு என்னை உள்ளே இழுத்துவிட்டது. அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரனை அழைத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போயிருந்தேன். அங்குள்ள மகாகணபதியை அறியாத தமிழ்க் குடும்பம் திருவனந்தபுரத்தில் இராது. திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் வழிபட்ட பிள்ளையார் அவர். இன்றும் அந்தக் கோயிலைப் பேணி வருவது இந்தியத் தரைப்படைதான். தேங்காய் உடைக்க நின்றபோது பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தான்.

"ராத்திரி எத்தனை மணிக்குடா படுத்தே?"

"பன்னெண்டு ஆயிடுச்சு தாத்தா. ஹீலர் ஒருத்தர் வரலை. அதனால நான் வாளை வச்சிட்டுக் கோலை எடுத்துக்கிட்டேன். இல்லைன்னா எட்டுப் பேரும் சும்மா உக்காந்திருக்கணும்."

"ஹீலர்னா?"

"அடிபட்டவங்களைக் குணமாக்குறவர்."

"அப்போ நீ வாள்வீரனா, வைத்தியனா?"

"ரெண்டும் நான்தான் தாத்தா. மாத்திக்கலாம்."

எதிரே பிள்ளையார் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வள்ளி கதையில் முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக இருமினான். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது தம்பியின் காரியத்துக்காக யானையாக வந்து நின்றவர் அண்ணன் அல்லவா! ஆள் குறைந்த இடத்தில் வேடம் மாறி நிற்பது நம்மவர்க்குப் புதிதன்று என்பது அந்த நொடியில் உறைத்தது.

ஒரு வேடத்தை எடுத்தவர் இன்னொன்றுக்கு மாறலாமா? மாறினால் கிடைப்பது எது, போவது எது? நம் நாடக மேடை நெடுங்காலமாக விடை தேடிவரும் கேள்வி இது. இன்றைய பிள்ளைகளின் இணைய விளையாட்டு அதே கேள்வியைத் தன் வழியில் கேட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுக்குள் வேலைப் பங்கீடு

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். உலகின் பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுகிற விளையாட்டு இது. இதற்கு முன்னோடி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு. போர்வீரன், மந்திரவாதி, குணமாக்கும் சமயகுரு என்று மூன்றே வகுப்புகள் அதில் முதலில் இருந்தன. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் பலர் சேர்ந்து ஆடும் கணினி உலகம் ஒன்றை உருவாக்கினார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான்.

இத்தகைய விளையாட்டுகளில் குழுச் சண்டை என்று வந்துவிட்டால் பெரும்பாலும் மூன்று வேலைகள்தாம். எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நிற்பவர் ஒருவர். அவரைச் சாகவிடாமல் காப்பவர் ஒருவர். எதிரியை அடித்து வீழ்த்துபவர்கள் மற்றவர்கள். அடிப்பதற்கு எப்போதும் ஆள் கூட்டம். அடி வாங்கவும் ஆற்றவும் ஆள் தட்டுப்பாடு. கல்யாண வீட்டில் பரிமாற நிற்பவர்களையும் பாத்திரம் கழுவ நிற்பவர்களையும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

ஒருமுறை எடுத்த வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்பதில் விளையாட்டு செய்தவர்கள் வெவ்வேறு பாதையில் போனார்கள். 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' வகுப்பே வைக்கவில்லை. எந்தக் கலையைப் பயில்கிறாயோ அது வளரும். ஆனால் எல்லாக் கலைக்கும் சேர்த்து மொத்தம் 700 புள்ளிதான். ஒன்றுக்கு 100 வரை. ஆகவே ஏழு கலைகளில் முழுத் தேர்ச்சி பெறலாம். எட்டாவது வேண்டுமானால் கையிலுள்ள ஒன்றைக் குறைத்துக்கொள்ளவேண்டும். 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' நேர்மாறு. தொடக்கத்தில் எடுத்த வகுப்பே கடைசிவரை. மாறவேண்டுமானால் புதுப் பாத்திரத்தைப் பிறப்பித்து முதலிலிருந்து வளர்க்கவேண்டும்.

2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' நடுவழியில் நின்றது. அதில் துருயிடு என்றொரு வகுப்பு. கரடியாகி அடி தாங்கலாம், பூனையாகிப் பாயலாம், குணமும் ஆக்கலாம். ஆனாலும் எதில் முழுத்திறம் வேண்டுமோ அதில்தான் புள்ளிகளைப் போட்டுவைக்கவேண்டும். போட்டதை மாற்ற அன்று ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறியது. விளையாட்டுக் காசில் ஒரு பொன்னில் தொடங்கி ஐம்பது பொன்வரை போனது. 2009இல்தான் இரண்டு வகைத் தேர்ச்சியை ஒருவரே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுக்கும் வசதி வந்தது.

2012இல் வந்த 'கில்டு வார்ஸ் 2' இன்னும் துணிந்தது. குணமாக்குவதற்கென்று தனியாள் எதற்கு, அவரவர் காயத்தை அவரவரே ஆற்றிக்கொள்ளட்டும் என்றது. நல்ல எண்ணம். ஆனால் 2015இல் கடினமான பெருங்குழுச் சண்டைகளை அதே விளையாட்டு கொண்டுவந்தபோது, ஆற்றுபவர் என்ற வேலை மீண்டும் முளைத்துவிட்டது. நோக்கத்தக்க செய்தி இது. கூட்டாகச் செய்யும் காரியம் கடினமாகும்போது வேலைப் பங்கீடு தானாகவே தலைகாட்டுகிறது. சட்டம் போட்டு ஒழிக்க முடிவதில்லை.

என் பேரன் ஆடுவது 'ஃபைனல் ஃபேன்டஸி 14'. 2010இல் வந்து தோற்று, முழுவதும் மாற்றிக் கட்டப்பட்டு 2013இல் மறுபடி வந்தது. இதில் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் வேலை மாறிவிடும். வாள் எடுத்தால் காவலன், கோல் எடுத்தால் வைத்தியன். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் படிநிலை உண்டு. வாளில் உச்சத்தில் இருப்பவனும் கோலைப் புதிதாக எடுத்தால் கீழ்ப்படியில் நின்று ஏறிவரவேண்டும். அந்த நேரத்தில் எந்த வேலைக்கு ஆள் குறைவோ அந்த வேலையில் வந்து நிற்பவருக்குச் சிறு பரிசும் தருகிறார்கள். ஒருவருக்கு மாறும் உரிமையையும் கொடுத்து, கற்கும் கடமையையும் விடாமல் வைத்திருப்பது இதன் சிறப்பு எனலாம்.

ஒத்திகை இல்லாத நாடகம்

இனி நம் மேடைக்கு வருவோம். என் சிறுவயதில் மதுரைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் பார்த்தது ஸ்பெஷல் நாடகம். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடக்கும். அதில் எனக்கு அன்று தெரியாத வியப்பு ஒன்று உண்டு. அந்த நடிகர்கள் ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறு ஊர், டான்ஸ்காரி வேறு ஊர். தனித்தனியாக ஒப்பந்தம் பேசி அழைக்கப்பட்டவர்கள் அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது.

அப்படியும் நாடகம் குலையாமல் நடந்ததற்குக் காரணம் பார்ட் என்னும் ஏற்பாடு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த நாடகப் பாடம் எல்லோருக்கும் பொது. ராஜபார்ட் எந்த இடத்தில் என்ன தர்க்கம் எடுப்பார், வள்ளி எப்படி மடக்குவார் என்பது ஆர்மோனியக்காரருக்கும் தெரியும், மிருதங்கக்காரருக்கும் தெரியும், முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். முன்பின் அறியாத எட்டுப் பேர் இணையத்தில் சந்தித்து, நீ அடி தாங்கு, நான் ஆற்றுகிறேன் என்று இரண்டு வார்த்தைகூடப் பேசாமல் காரியத்தில் இறங்குவதும் இதே முறைதான். வேடம் நிலையாக இருப்பதால் அந்நியர்கள் ஒன்றுசேர முடிகிறது. நிலைத்த வேடத்தின் நன்மை இது.

தீமையும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இந்நாடகக் கலைஞர்களுடன் பழகி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். மேடையில் பெண் ஏற்கும் வேடத்தின் பழி, மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவளைத் தொடர்வதையும், அந்தக் கண்களிலிருந்து தப்ப நடிகைகள் தெருவில் போகும் வழியைக்கூட எண்ணித் தேர்வதையும் அந்நூல் காட்டுகிறது. மேடையில் பூட்டிய வேடம் வீதிவரை கூடவே வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வாழ்விலும் இது நிகழ்ந்ததாகச் சொல்வார்கள். எமன், சனீஸ்வரன் போன்ற உக்கிர வேடங்களில் நடித்தவர் அவர். அந்த வேடத்தில் தம்மைக் கண்டு பெண்கள் அஞ்சிப் பாதிப்படைந்த நிகழ்ச்சிகளுக்குப் பின் நடிப்பதையே விட்டு, எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார் என்று நாடக வரலாறுகள் கூறுகின்றன. வேடத்தை விட்டவர் ஆசிரியரானார். தமிழ் நாடகத்துக்கு அது ஆதாயமாயிற்று.

கம்பெனி தந்த பாடம்

1918இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் தி.க.சண்முகம். அவர் 1912இல் பிறந்தது நம் திருவனந்தபுரத்தில் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்துக்குப் பெயர்பெற்றவர்.

பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடமும் சிறுவர்களுக்கே. சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக நின்றவர்தான். ஆனால் அந்த வேடத்துக்கு ஆயுள் குறைவு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த அன்றைக்குப் பெண் வேடம் போய்விடும். அடுத்த வேடம் தெரியாத பையன் கம்பெனியில் நிற்க முடியாது. ஆகவே பிள்ளைகள் தங்கள் பாடத்தோடு அடுத்தவன் பாடத்தையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள். அங்கே பிரம்படியும் உண்டு, வீட்டு ஏக்கமும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேடம் மாறும் திறத்தை அவ்வளவு ஆழமாகப் பயிற்றுவித்த பள்ளி நமக்கு வேறு இருந்ததில்லை.

அந்தப் பயிற்சியின் கனி 1940களில் தெரிந்தது. முப்பது வயதை ஒட்டிய இளைஞரான சண்முகம் மேடையில் அவ்வைக் கிழவியாக வந்தார். தமிழுலகம் அவருக்கு அவ்வை என்பதையே பெயரோடு சேர்த்துவிட்டது. சிறுவனாக டி.கே.எஸ். நாடகக் குழுவில் பயின்ற கமல்ஹாசன் 1996இல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது அந்த நன்றியில்தான். தம் நாடக வாழ்க்கையைச் சண்முகமே 1972இல் நூலாக எழுதியிருக்கிறார்.

கோட்டைக்குள் ஓர் அனுமன்

பழவங்காடியிலிருந்து கிழக்கேகோட்டை வாசல் வழியாக உள்ளே நடந்தால் பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் தெரியும். அதன் அடியில் நாடகசாலை. பங்குனி, ஐப்பசித் திருவிழா நாள்களில் இரவில் கதகளி நடந்துவந்த இடம். 'பாலராமபரதம்' என்னும் நாட்டிய நூலைச் செய்த கார்த்திகைத் திருநாள் மகாராஜா ஆண்ட ஊர் இது. கதகளியில் பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்று வேடம் வகுப்பாகப் பிரிந்திருக்கும். முகத்தின் நிறத்தைப் பார்த்தவுடன் இவன் நாயகன், இவன் அரக்கன் என்று குழந்தையும் சொல்லிவிடும். கணினித் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் வாள் சின்னமும் சிலுவைச் சின்னமும் போடுவது இதே வசதிக்காகத்தான்.

கூடியாட்டம் வேறு வழி போகிறது. அப்புக்குட்டன் நாயர் என்னும் பொறியாளர் 1970இல் இவ்வூரில் தொடங்கிய 'மார்கி' நிறுவனத்தின் புண்ணியத்தில் அந்தக் கலையை நாம் இங்கேயே பார்க்க முடிகிறது. 2001இல் யுனெஸ்கோ சிறப்பித்த கலை அது. அதில் பகர்ந்நாட்டம் என்றொரு முறை உண்டு. சக்திபத்திரரின் 'ஆச்சரியசூடாமணி' நாடகத்து அங்குலீயாங்கத்தில் அனுமன் வேடத்தில் ஒரே நடிகர் பல நாள்கள் இராமாயணக் கதையை நடத்துகிறார். அவரே இராமன், அவரே சீதை, அவரே இராவணன். உடை மட்டும் அனுமன் உடை. இடுப்புத் துணியின் முனையை எடுத்துச் செருகிக்கொண்டால் பெண்ணாகிவிட்டார் என்று பொருள். எடுத்துவிட்டால் பழையபடி ஆண். நங்கியார்கூத்தில் ஒரே பெண் இதைச் செய்கிறார். 2015இல் மறைந்த மார்கி சதி அவர்களின் நங்கியார்கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

சொல்லையும் பாருங்கள். மலையாளத்தில் பகருக என்றால் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு ஊற்றுவது. தமிழில் கலத்துக்கும் நாடக வேடத்துக்கும் பாத்திரம் என்ற ஒரே சொல்தான். இரண்டு மொழியும் வாய்த்த நமக்கு இது தானாகக் கிடைத்த விளக்கம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றலாம். சிந்தாமல் ஊற்றக் கை பழகியிருக்கவேண்டும்.

தராசில் வைத்தால்

இப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். விளையாட்டில் உடையும் ஆயுதமும் மாறுகின்றன, ஆள் மாறுவதில்லை. கோலை எடுத்தாலும் வாளை எடுத்தாலும் கதையில் அவன் அதே வீரன். வைத்தியனான பிறகு அவனுக்குப் பிறர் வலி கூடுதலாகத் தெரிவதில்லை. பகர்ந்நாட்டத்தில் உடை மாறுவதில்லை, ஆள் மாறுகிறார். அனுமன் உடைக்குள் சீதையின் துயரம் வந்துவிடுகிறது. பாத்திரமேற்கும் விளையாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அங்கே நடப்பது பெரும்பாலும் வினை ஏற்பதே. இந்தக் கலையின் குறை என்று நான் கருதுவது இதுதான்.

ஆனால் அதன் நிறை ஒன்றையும் மறுக்க மாட்டேன். அங்கே வேடம் மாறுவது தன் ஆசைக்காக மட்டும் அன்று. குழுவில் என்ன குறைகிறது என்று பார்த்து மாறுகிறார்கள். வாள் வீசும் பெருமையை விட்டு, யாரும் கைதட்டாத வேலைக்கு ஒரு பதினான்கு வயதுப் பையன் நள்ளிரவில் மாறியிருக்கிறான். பள்ளியில் எந்தப் பாடத்திலும் இதை அவனுக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை. தூக்கம் கெட்டதற்கு அவன் அம்மாவிடம் வாங்கியதும் நியாயமே. அது வேறு கணக்கு.

நெகிழ்ச்சி என்ற பெயரில் இன்னொரு வகையும் உண்டு. 2002இல் கொரியாவிலிருந்து வந்த 'ரக்னராக் ஆன்லைன்' ஒரு காலத்தில் நம் நாட்டு இணைய மையங்களிலும் ஆடப்பட்டது. அதில் எல்லோரும் பயிலுநராகத் தொடங்கி, வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, ஊழியக்காரர், வணிகர், திருடர் என்று ஒரு தொழிலுக்குப் போவார்கள். போக மறுத்துப் பயிலுநராகவே வளர்ந்தால் 'சூப்பர் நோவிஸ்' ஆகலாம். அத்தனை தொழிலின் அடிப்படை வித்தைகளும் அவருக்கு வரும். ஆனால் உடம்பில் தெம்பு குறைவு. உயர்ந்த தொழிலின் வித்தைகள் எட்டா. எல்லாம் தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இரவில் படுக்கையில் நினைத்துக் கவலைப்படுவது இந்தச் சூப்பர் நோவிஸைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே வேடம் மாறுவதற்கு மூன்று தேவை என்பது என் துணிபு. ஏற்கும் வேடத்தின் வினையைக் கற்றிருக்கவேண்டும். கம்பெனிப் பையன்கள் கற்றதுபோல. மாறுகிறேன் என்பதை உடன் இருப்பவர்களுக்குத் தெரியும்படி காட்டவேண்டும். துணி முனையைச் செருகுவதுபோல. திரும்பி வருவதற்கு ஒரு வேடம் நிலையாக இருக்கவேண்டும்; அனுமன் உடைபோல. இம்மூன்றும் இருந்தால் அது பகர்ந்நாட்டம். இல்லாவிட்டால் வழியிலேயே சிந்திப்போகும்.

நம் வீட்டு மேடை

இதை இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம் விளையாட்டு மட்டும் அன்று. சாலைக் கடைத்தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நம் பிள்ளைகள் நாள்தோறும் வேடம் மாறுகிறார்கள். அவர்கள் தமிழில் மலையாள ஓசை கலந்தால் இரண்டும் கெட்டான் என்கிறோம். நானும் சொன்னவன். சொன்னதோடு நிற்கவில்லை.

2001 வாக்கில் எங்கள் ஆண்டு விழாவில் அவ்வையும் அதியமானும் நெல்லிக்கனியுமாக ஒரு சிறு நாடகம் போட்டோம். பயிற்றுவித்தது நான். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் பேச்சில் இந்த ஊர் ஓசை தூக்கலாக இருக்கும். ஆகவே அரண்மனையில் மலையாளம் பேசும் வேலைக்காரி என்று கதையில் இல்லாத ஒரு வேடத்தை நானே உண்டாக்கிக் கொடுத்தேன். அவள் வாய் திறந்தபோதெல்லாம் சபை சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே நாடகத்தை மறுபடி போட்டோம். அவள் யாரும் சொல்லாமலே அவ்வையின் பாடம் முழுவதையும் நெட்டுருப் பண்ணி வைத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் என் முன்னால் நின்று ஒப்பித்தும் காட்டினாள். பிழை இல்லை. "நீ அந்த வேலைக்காரியையே பண்ணும்மா, அதுதான் உனக்குப் பொருந்தும். அவ்வைக்குச் சுத்தமான தமிழ் வேணும்" என்றேன். அப்போதுதான் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அவ்வையைக் கொடுத்தேன். மகள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டு வேலைக்காரியாகவும் அவள் வரவில்லை. அதன் பிறகு எந்த மேடைக்கும் வரவில்லை. வீட்டில் தன் தம்பியோடு மலையாளத்திலேயே பேசத் தொடங்கியதும் அதை ஒட்டித்தான் என்பதை நான் கவனித்திருக்கவேண்டும், கவனிக்கவில்லை.

வேடத்தைப் பூட்டியது நான். அவள் வினையைக் கற்றிருந்தாள், மாற விரும்பினாள், திரும்பி வர வீடும் இருந்தது. மூன்றும் இருந்தும் கதவு திறக்கவில்லை. ஓர் இளைஞர் கிழவியானதைக் கொண்டாடிய தமிழ் மேடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நான், மலையாள ஓசையுள்ள ஒரு சிறுமி அவ்வையாவதை ஏற்கவில்லை. அவளுடைய பிள்ளை இன்று ஒரே இரவில் வாளை வைத்துக் கோலை எடுக்கிறான். அவனை யாரும் தடுப்பதில்லை.

நிறைவுரை

சங்கத்தின் நாடகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வேடம் படிக்கட்டும். ஒன்று அவர்களுக்கு எளிதாக வருவது. மற்றொன்று வராது என்று நாம் முடிவுகட்டியது. ஒத்திகையில் இரண்டையும் மாற்றி மாற்றி நிற்கட்டும். ஒருவர் வராத நாளில் நாடகம் நிற்காது என்பது சின்ன லாபம். பெரிய லாபம் எது என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஓசை திருந்தியபிறகு மேடைக்கு வா என்று சொல்லாமல், மேடைக்கு வந்தால் ஓசை தானே திருந்தும் என்று நம்பிப் பார்ப்போம். திருந்தாவிட்டாலும் அவ்வை ஊர் ஊராக நடந்தவள். நாலு ஊர் ஓசை அவள் நாவிலும் படிந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது மகளிடம் அந்தப் பழைய செய்தியைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவள் பயறங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பாடம் எனக்கு இன்னைக்கும் மறக்கலை அப்பா" என்றாள்.

இவ்வாண்டு விழாவுக்கு அதே நாடகத்தைப் போடலாம் என்று குழுவில் பேச்சு அடிபடுகிறது. அவ்வை வேடத்துக்குச் சிறுவர்களில்தான் ஆள் தேடவேண்டுமா என்று நான் கேட்டிருக்கிறேன்.